கூட்ஸ் செட்டில் வைத்த நிலை

அந்த ஒரு வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் தூக்குச்சட்டியும் கையுமாகக் காரைக்குடி ஸ்டேஷனுக்கு நடந்தேன். மற்ற பெண்கள் அன்றைக்குக் கோயிலுக்குப் போனார்கள், மேட்னி சினிமாவுக்குப் போனார்கள், ஒன்றுமில்லாவிட்டால் காலை நீட்டிப் படுத்தார்கள். நான் மட்டும் புளியோதரையைக் கிளறி அடைத்துக்கொண்டு, வெயிலில் ஜல்லியை மிதித்துப் போய், கூட்ஸ் செட்டுக்குப் பின்னால் ஓடாமல் நின்ற ஒரு கிழட்டு வண்டியைச் செப்பனிடுகிறவர்களுக்குச் சோறு போட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி அப்போதே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ஸ் கார்டு என்றால், சரக்கு ரயிலின் கடைசியில் ஒட்டிக்கொண்டு போகிற சின்ன வண்டியில் கொடியும் விளக்குமாக உட்கார்ந்திருப்பவர். பாசஞ்சர் ரயிலுக்காவது வருகிற நேரம், போகிற நேரம் என்று ஒன்று உண்டு. கூட்ஸுக்கு அது கிடையாது. மானாமதுரைக்குப் போகிறேன் என்று கிளம்புவார். வழியில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஓரங்கட்டி விடுவார்கள். மறுநாளோ அதற்கும் மறுநாளோ முகமெல்லாம் கரியோடு வந்து சேருவார். வந்தவர் தூங்குவார். எழுந்திருக்கும்போது அவருடைய பெட்டியைத் தூக்கிப்போக ஆள் வந்து வாசலில் நிற்பான். முப்பது வருஷம் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது. பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் கிளம்பியபோதுகூட அவர் ஏதோ ஒரு ஸ்டேஷனில் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் குடிதண்ணீருக்கு ஊருணிக்குத்தான் போக வேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். சுமந்து வருவது பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் பெரிய காரியம். தலையில் குடம் இருக்கும்போது குனிய முடியாது, இடுப்பில் குடம் இருக்கும்போது தலைக்குக் கை போகாது. வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவேன்: "ஏத்தா, செத்த வந்து இந்தக் கொடத்த எறக்கிவிடு." அவள் இல்லாத நாளில் யாராவது தெருவில் போகும்வரை நின்றுகொண்டே இருப்பேன். "புருசன் இருக்கும்போதே கொடம் எறக்க ஆள் தேடுறா பாரு" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். கோபப்பட்டால் நாளைக்கு யார் இறக்கிவிடுவது?

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். காரைக்குடியிலேயே ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இரண்டு அறை கிடைத்தது. பெரிய வீட்டுக்கு நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் போக வர வேண்டும். முன்வாசல் வீட்டுக்கார ஆச்சிகளுக்கு. அதில் தப்பொன்றும் இல்லை, அது அவர்கள் வீடு. எனக்கென்று ஒரு முன்வாசல் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பள்ளத்தூருக்கு ஒதுக்குப்புறமாக அவர் பங்குக்கு வந்த மனை ஒன்று இருந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். அடுப்படியும் ஓர் அறையும் எழும்பின. அதோடு வேலை நின்றது. எங்கள் பக்கத்தில் முன்சுவர் எழுப்ப வேண்டும் என்றால் முதலில் நிலை வைக்க வேண்டும். தலைவாசலுக்கான மரச்சட்டத்தை நல்ல நாள் பார்த்து நிறுத்துவார்கள். வீட்டுப் பெண் மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து அதன் மேலே கட்டுவாள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் இரண்டு பக்கமும் கல் வைப்பார். நிலை வைக்காதவரை அது வீடில்லை, வெறும் சுவர். வைத்த நிலையைப் பிறகு யாரும் அசைக்கவும் மாட்டார்கள்.

நிலைக்கு மரம் தயாராக இருந்தது. நானே பார்த்து எடுத்த மரம். இடித்த பெரிய வீடுகளின் சாமான் விற்கிற கடைக்கு நடையாய் நடந்து, பர்மாத் தேக்கில் இரண்டு கால்களும், அவற்றின் மேலே வைக்க லட்சுமியும் இரண்டு யானைகளும் செதுக்கிய ஒரு பலகையும் பொறுக்கி எடுத்தேன். யானையில் ஒன்றுக்குத் துதிக்கை நுனி உடைந்திருந்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர் தச்சர். அவருடைய பட்டறையில் கோணி போர்த்திக் கிடந்தது மரம். இனி நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வண்டி வந்து சேர்ந்தது. வந்தது என்றா சொன்னேன்? அது எங்கே வந்தது? அது பல வருஷமாகவே கூட்ஸ் செட்டுக்குப் பின்னால், பாதை முடிகிற இடத்தில், கருவேலம் புதருக்குள் நின்றது. பழைய கார்டு வண்டி. இந்தப் பாதை போட்ட காலத்தில் வந்த முதல் வண்டிகளில் ஒன்று என்று அவர் சொல்லுவார். அவர் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகத் தனியாக ஏறிப் போனதும் அதில்தான். அதைப் பழைய இரும்புக்கு உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மனுஷர் சாப்பிடவில்லை. என் அம்மா செத்த அன்றைக்குச் சாப்பிட்டார்.

மதுரைக்கு அலையாய் அலைந்தார். பழைய சாமான்களில் ஆசை உள்ள ஒரு அதிகாரி அங்கே இருந்தது என் கெட்ட நேரம். அவர் ஒரு வழி சொன்னார். ரயில்வேக்குச் செலவு வைக்காமல், உங்கள் ஓய்வு நாளில் நீங்களே செப்பனிடுங்கள். முடிந்ததும் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வண்டி தன் சக்கரத்திலேயே உருண்டு யார்டைத் தாண்டி வந்தால், ஸ்டேஷன் தோட்டத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு, ஊர் பார்க்க நிறுத்திக்கொள்ளலாம். வரவில்லை என்றால் பழைய இரும்புக்காரர் கொண்டுபோவார். இதுதான் பேச்சு.

ஆரம்பத்தில் நிறைய பேர் வந்தார்கள். வெயில் ஏற ஏற ஆள் குறைந்தது. கடைசிவரை விடாமல் வந்தவர்கள் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர், தச்சர், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர். இந்த மூன்றாமவருக்கு அங்கே துருப்பிடிப்பதைப் பற்றித்தான் வேலை. நாங்கள் அவரைத் துருக்காரர் என்றுதான் சொல்வோம். "வாரம் பூராத் துருவப் பாத்துட்டு ஞாயித்துக்கெழமையும் இதச் சொரண்ட வாரீகளே, ஒங்களுக்குக் குடும்பம் கிடும்பம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. அதான் இங்குட்டு வாரேன்" என்றார்.

இவர்கள் வேலை பார்த்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தச்சர் வீட்டில் அப்பா, தாத்தா எல்லோருமே செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குக் கதவும் தூணும் செய்தவர்கள். அவர் வண்டியையும் வீடாகத்தான் பார்த்தார். கார்டு வெளியே வந்து நிற்கிற திறந்த இடம் அவருக்கு முகப்பு. உள்ளே இருக்கிற அறை, பெரிய வீட்டுக் கூடத்தைச் சொல்வதுபோல, பட்டாலை. உட்காரும் பலகைக்குக் கீழே சாமான் வைக்கிற இடத்தை இரண்டாங்கட்டு என்றார். உளுத்த தரைப்பலகையைப் பிடுங்கிவிட்டு, இடித்த வீட்டுப் பரண் பலகையைக் கேட்டு வாங்கி வந்து போட்டார். அடுத்து உள்சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து சுண்ணாம்பு பூசலாம், முகம் பார்க்கலாம் என்றார். மரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது என்று துருக்காரர் சண்டை போட்டு நிறுத்தினார். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். வண்டிக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

நான் சோறு போட்டதோடு விடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க மனசு வராமல் பெயிண்டைச் சுரண்டினேன், கம்பியால் துருவைத் தேய்த்தேன், பிரேக்கைத் திருகுகிற இரும்புச் சக்கரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். திங்கட்கிழமை சோற்றில்கூட மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். நடுவில் ஏதாவது ஒரு நாள் பஸ் ஏறிப் பள்ளத்தூர் போவேன். என் அடுப்படியில் யாருடைய ஆடுகளோ படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். விரட்டிவிட்டு, புழுக்கையைக் கூட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். கதவில்லாத வீட்டில் ஆட்டைக் குறை சொல்லி என்ன செய்வது?

"என்னங்க, நம்ம நெல எப்ப வைக்கப்போறீக?" என்று கேட்பேன்.

"இந்தா, இது முடியட்டும் புள்ள. தை பொறக்கட்டும்."

தை பிறந்தது, போனது. மாசி வந்தது. நான் கேட்பதையும் குறைத்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

மாசியில் ஒரு சனிக்கிழமை அவராகவே வந்து சொன்னார்: "நாளைக்குப் பொங்க வச்சுக் கொண்டா. நவதானியத்த மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சுக்க. நெல வைக்கிறோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே, எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. என் வீட்டைத் தவிர வேறு எங்கே நிலை வைப்பார்கள்? ஆச்சியிடம் போய்ச் சொன்னேன், அவர்கள் பூ கொடுத்தார்கள். நவதானியத்தோடு என் அம்மா கொடுத்த பழைய வெள்ளிக்காசு ஒன்றையும் சேர்த்து முடிந்தேன். பெட்டிக்குள் வைத்திருந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். கூட்ஸ் செட்டுக்கு வா என்று சொல்லியிருந்தார். அங்கிருந்து எல்லாருமாக மாட்டுவண்டியில் மரத்தை ஏற்றிக்கொண்டு பள்ளத்தூர் போவோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே மாட்டுவண்டி எதுவும் இல்லை. கார்டு வண்டியின் பக்கக் கதவு இருந்த இடத்தில், புதுசாக எண்ணெய் தேய்த்து மினுமினுவென்று, என் நிலை நின்றது. லட்சுமி, இரண்டு யானை. துதிக்கை உடைந்த யானை என்னைப் பார்த்தது. வண்டிக் கதவின் உயரத்துக்குத் தோதாகக் கால் இரண்டையும் அறுத்திருந்தார்கள். அறுத்த துண்டுகள் ஜல்லிமேல் கிடந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"தச்சரு நல்ல மரமா வேணும்னாரு. நம்மதுதான் சும்மா கெடந்துச்சு. ஒனக்கு வேற பாத்துக்கிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு வண்டிக்கு இப்பிடி நெல இந்தியாவுலயே கெடையாது தங்கச்சி!" என்றார் தச்சர். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சம்மதித்துக் கொடுத்த மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "சுமங்கலி கையால வையிங்க" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்திருந்தார், துருக்காரர் வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என் வீட்டுத் தலைவாசலுக்கு வைக்க வேண்டிய மஞ்சளை அந்த வண்டிக்கு வைத்தேன். குங்குமம் வைத்தேன். மஞ்சள் முடிச்சைப் பலகையில் என் கையாலேயே கட்டினேன். எல்லோரும் பொங்கல் நன்றாக இருந்தது என்றார்கள். திரும்பும்போது அறுத்த துண்டுகள் இரண்டையும் தூக்குச்சட்டியோடு சேர்த்துத் தூக்கிவந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது.

அதற்குப் பிறகும் சோறு கொண்டுபோனேன். பேச்சைத்தான் நிறுத்தினேன். சோறு, குழம்பு, தண்ணி என்று வேண்டிய சொல்லை மட்டும் பேசினேன். அவருக்கு அது புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியில் தனியாகப் போனவர், பேச்சில்லாத வீடு அவருக்கு ஒன்றும் புதிதில்லை.

பங்குனியில் வண்டியைக் கிளப்ப நாள் வைத்தார்கள். மதியம் மானாமதுரை வண்டியில் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்குள் காலையிலேயே யார்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று திட்டம். புது வண்டி வாங்கினால் செய்வதுபோல, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். முகப்பில் வாழைக்கன்று கட்டினார்கள். கூட்ஸ் செட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். சிலர் பின்சக்கரத்துக்குக் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அந்தக் கிழட்டு வண்டி ஒரு முனகு முனகிவிட்டு உருண்டது. என் வீட்டுக்காரர் முகப்பில் பிரேக்கைப் பிடித்தபடி நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த இரும்பை நானும்தான் தேய்த்தேன்.

கூட்ஸ் செட்டைத் தாண்டி வெளியே போகிற இடத்தில், தண்டவாளத்தின் மேலே இரும்பில் ஒரு வளைவு உண்டு. சரக்கு ஏற்றிய வண்டி அளவுக்கு மீறிப் பிதுங்கியிருக்கிறதா, போகிற வழியில் பாலத்திலோ தூணிலோ உரசுமா என்று பார்க்கிற வளைவு. அதற்குள் நுழைந்து வருகிற வண்டிதான் வெளியே போகலாம். கார்டு வண்டி பாதிவரை நுழைந்தது. அப்புறம் டணார் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

நிலைக்கு மேலே வைத்த பலகை. வீட்டு வாசலில் வைப்பதுபோல, சுவரைவிட்டு ஒரு சாண் வெளியே நீட்டி வைத்திருந்தார் தச்சர். மழைத்தண்ணீர் வாசலில் வடியாமல் இருக்க அப்படித்தான் வைப்பார்களாம். லட்சுமியும் யானையும் வளைவில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

ஸ்டேஷன் மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர். நல்லவர்தான். வந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன சார் இது? இத வெளிய விட்டா என் வேலை போயிடும். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள இந்த வாசக்கால எடுத்துடுங்க. இல்லேன்னா வண்டி இங்கேயே நிக்க வேண்டியதுதான்" என்றார்.

தச்சர் பேயறைந்ததுபோல நின்றார். "வச்ச நெலய எப்பிடிங்க எடுக்கிறது? எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து எடுத்தது கெடையாது. எடுத்தா அந்தக் குடும்பம் வெளங்காது. நான் கை வைக்க மாட்டேன்" என்று உளியைக் கீழே போட்டார். மூட்டை தூக்குகிறவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். நிலையைப் பிடுங்குகிற பாவத்தில் பங்கெடுக்க அவர்களுக்கும் பிரியமில்லை. துருக்காரர் படித்தவர், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் வண்டியைவிட்டு இறங்கி, ஜல்லிமேலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சை நிறுத்தியவள் நான்தான். நானேதான் போய்ப் பேசினேன்.

"முப்பது வருசம் இந்த வளைவுக்குக் கீழதான போனீக, வந்தீக. ஒரு மூட்ட துருத்திக்கிட்டு இருந்தாக்கூட வண்டிய விட மாட்டீகளே. இது ஒங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு புள்ள. பலகையப் பாத்தேன். ஆனா அது வண்டியில இருக்குன்னு தோணல. வீட்டு வாச மாதிரியே இருந்துச்சு" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இந்த மனுஷர் வீடு கட்டவில்லை என்று வருஷம் பூராவும் புழுங்கினேன். அவர் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தின்று, தூங்கி, மழையில் நனைந்து, ஆயுளில் பாதியைக் கழித்த இடம் அந்த வண்டிதான், அதைத்தான் கட்டியிருக்கிறார். என்னை அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவரச் சொன்னார். அந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நெலய எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தச்சருதான் மாட்டேங்கிறாரே."

"நான் எடுக்கிறேன்."

தச்சரிடம் போனேன். "அண்ணே, நெலய வச்சது யாரு?"

"நாந்தான் தங்கச்சி."

"நீங்க மரத்த நிறுத்துனீக. மஞ்சள் வச்சது யாரு? முடிச்சக் கட்டுனது யாரு?"

அவர் கீழே கிடந்த உளியைப் பார்த்தார்.

"எந்தக் குடும்பம் வெளங்காதுங்கிறீக? வண்டிக்கேது குடும்பம்? இது என் குடும்பத்து நெல. என் வீட்டு மரம். என்னக் கேக்காம இங்குட்டுக் கொண்டாந்து நிறுத்துனாரு. மஞ்சத்துணியக் கட்டுனவ நான், அவுக்கிறவளும் நான். பாவம் புண்ணியம் எல்லாம் என் தலையோட போகட்டும்."

தச்சர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே, கேட்காமல் எடுத்த மரம் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

வண்டிப்படியில் ஏறினேன். முழங்கால் கெஞ்சியது. பலகையைத் தொட்டுக் கும்பிட்டேன். "தாயே, ஒன்ன அனுப்பலை, கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் முடிச்சை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். முடிச்சு போனபிறகு அது வெறும் மரம்தானே. தச்சர் பெருமூச்சு விட்டு உளியை எடுத்தார். அவர் கை வைத்ததும் மற்றவர்களும் வந்தார்கள். மதிய வண்டி ஊதுவதற்குள் நிலை கீழே இறங்கியது. கதவிருந்த இடத்தில் மிச்சப் பலகைகளை வைத்து அடித்தார்கள். வண்டி வளைவுக்குள் நுழைந்து, இடிக்காமல் வெளியே போனது.

இன்ஸ்பெக்டர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். பிரேக்கைத் திருகிப் பார்த்தார். உள்ளே போய்ப் பரண் பலகைத் தரையைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு பக்கப் பலகையைக் காட்டி, "இங்க ஒரு கதவு இருக்கணுமே, எங்கே?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "கதவு எங்க வீட்டுக்குப் போயிருச்சு சார்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வண்டி ஸ்டேஷன் தோட்டத்தில் நின்றது. பாசஞ்சருக்குக் காத்திருக்கிறவர்கள் ஏறிப் பார்த்தார்கள், பிரேக்கைத் திருகிப் பார்த்தார்கள், நிழலுக்கு உட்கார்ந்தார்கள். முட்டை பூசாத சுவரில் தங்கள் பெயரையும் எழுதினார்கள்.

சித்திரையில் மரம் பள்ளத்தூர் வந்தது. அறுத்த துண்டுகளை ஒட்டுப்போட்டு உயரத்தைக் கூட்டித் தரட்டுமா என்று தச்சர் கேட்டார். ஒட்டுப்போட்ட கால் நிலைக்கு ஆகாது என்று அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். வேறு மரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "இருக்கிறபடிக்கு வச்சிருங்கண்ணே" என்றேன். அதே முடிச்சை அதே பலகையில் இரண்டாம் தடவை கட்டினேன். கொத்தனார் இரண்டு பக்கமும் கல் வைத்தார். ஆவணியில் குடிபுகுந்தோம். ஆடுகளுக்குத்தான் கொஞ்சம் மனக்கஷ்டம்.

முப்பது வருஷம் காத்திருந்து எனக்குக் கிடைத்த முன்வாசல், கார்டு வண்டிக் கதவின் அளவு. விருந்தாளிகள் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். "என்ன இது, இம்புட்டுக் குட்டையா வச்சிருக்கீக?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அவர் மட்டும் ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை. எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். உள்ளேயிருந்து வெளியே வரும்போது, நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தலையை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். வண்டி வேலை போய்விட்டது, இந்தப் பழக்கம் போகவில்லை.

அங்கேயும் ஊருணித் தண்ணீர்தான். குடிபுகுந்த மறுநாள் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக வந்து என் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. தலையில் குடத்தோடு அதற்குள் நுழைய முடியாது. குனியவும் முடியாது. ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டு வாசலில், குவார்ட்டர்ஸில் நின்ற மாதிரியே நின்றேன். கழுத்து நரம்பு தெறித்தது. பக்கத்தில் கூப்பிட வீடுகூட இல்லை. அந்த நிமிஷம் அந்த நிலையையும், வண்டியையும், அவரையும், என்னையும் சேர்த்துத் திட்டினேன்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கம்போல நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தலையை நீட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் நான் நிற்பதைப் பார்த்தார்.

"எறக்கவா?" என்றார்.

"எறக்குங்க" என்றேன்.

இரண்டு கையாலும் தலைக்குடத்தை எடுத்து, தண்ணீர் சிந்தாமல் குனிந்து உள்ளே கொண்டுபோய், நான் அடுப்படியில் போட்டிருந்த அந்த அறுத்த துண்டுகள் இரண்டையும் காலாலேயே ஓரமாகச் சேர்த்துத் தள்ளி, அவற்றின்மேல் வைத்தார்.